காரில் புதிதாகச் சத்தம் வருகிறதா? ஸ்பேனரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கடகட, லொடலொட, நறநற, கிறீச்... சத்தத்தைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று, "முன்னாடி கடகடன்னு ஒரு சத்தம்ண்ணே" என்று சொன்னால் மெக்கானிக்கிற்கு அதில் பிடி எதுவும் கிடைக்காது. ஒருவர் கடகட என்பதை இன்னொருவர் லொடலொட என்பார். மெக்கானிக் வண்டியை எடுத்து ஒரு தெரு சுற்றி வருவார்; அன்றைக்குப் பார்த்துச் சத்தம் வாயைத் திறக்காது. பிறகு ஊகத்தில் ஒரு பொருளை மாற்றுவார்கள். பில் கட்டி வீடு திரும்பும் வழியில் அதே பள்ளத்தில் அதே சத்தம்.

சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். எப்போது வருகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு நீளமான ஸ்குரூடிரைவர், உதவிக்கு ஒருவர், வண்டி நடமாட்டமில்லாத ஒரு சாலை போதும்.

இங்கே சொல்வது முன்சக்கர இழுவை உள்ள சிறிய கார்களுக்குப் பொருந்தும். சுவிஃப்ட், ஐ20, டியாகோ போன்றவை எல்லாம் முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் உத்திரம்) என்ற ஒரே அமைப்பில் வருபவை.

உடனே வண்டியை ஓரங்கட்ட வேண்டிய சத்தங்கள்

நான்கு சத்தங்களுக்குச் சோதனை, ஆராய்ச்சி எதுவும் கூடாது. ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

இன்ஜினின் அடிப்பக்கத்திலிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் கனமான டொக் டொக் வந்தால், அதிலும் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் கேன் விளக்கு எரிந்தால், அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்கைத் தின்னும். "பக்கத்தில்தானே ஒர்க்‌ஷாப்" என்று ஓட்டிப்போனால் ஆயில் ஊற்றிச் சரிசெய்ய வேண்டியது இன்ஜின் வேலையாகிவிடும்.

பிரேக் மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் நறநற இரண்டாவது. பிரேக் கட்டையான பேட் முழுக்கத் தேய்ந்து, அதன் பின்தகடு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அரைக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ புதிதாக வரும் கடகட. வீல் நட் தளர்ந்திருக்கும். முதலில் மெல்லக் கேட்கும், பிறகு ஸ்டீயரிங் ஆடும், அப்புறம் சக்கரமே கழன்று ஓடும். வீல் ஸ்பேனரை எடுத்து நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். பல சிறிய கார்களில் இறுக்கம் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் காரின் சரியான அளவு கையேட்டில் உள்ளது.

நான்காவது, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டொங் என்ற சத்தத்தோடு கையில் ஒரு தொய்வும் தெரிவது. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும். அந்த வண்டியைக் கட்டியிழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

முதல் வேலை: வண்டியைக் காலி செய்வது

கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாச் சோதனையும் வீண். கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, டிக்கியில் கிடக்கும் தேங்காய் வரை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சீட்டுக்கடி பாட்டில் சத்தத்தோடு நிற்பதில்லை. உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

பிறகு டிக்கித் தட்டைத் தூக்கி, ஜாக்கியும் ஸ்டெப்னியும் அதனதன் இடத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்சக்கரப் பக்கம் கடகட என்று வரும் சத்தம் பல நேரம் தளர்ந்த ஜாக்கிதான். பின்சீட்டில் ஆள் இல்லாதபோது சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு பிளாஸ்டிக்கில் தட்டும். பின்கதவை மூடும்போதோ ஐடிலிலோ (ஆக்சிலரேட்டர் தொடாமல் இன்ஜின் ஓடும் நிலை) கணகண என்றால் நம்பர் பிளேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்.

பழுதில்லாத சத்தங்கள்

புதிதாகக் கார் வாங்கியவர்கள் இவற்றைக் கேட்டுப் பயந்து போகிறார்கள். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கடியில் 2 விநாடி ம்ம்ம் என்பது பெட்ரோல் பம்ப். இன்ஜினை அணைத்த பிறகு டிக், டிக் என்பது சூடான சைலன்சர் குளிர்ந்து சுருங்கும் சத்தம். அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடலாம். ஏ.சி.யை நிறுத்தியதும் உஸ்ஸ் என்பது வாயுவின் அழுத்தம் சமனாவது. ரிவர்ஸில் மட்டும் வீஈங் என்றால், அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதுதான் காரணம். மழை பெய்த மறுநாள் காலை முதல் இரண்டு மூன்று பிரேக்கில் சர் என்று உரசினால் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு போகிறது. திடீர் பிரேக்கில் பெடல் காலை உதைத்துக் கடகடத்தால், சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது, காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள்.

எந்தப் பக்கத்துப் பழுது? பிரித்துப் பார்க்கும் மூன்று சோதனைகள்

1. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல நிமிடத்துக்கு 3000 சுற்று வரை ஏற்றி இறக்குங்கள். சத்தம் வந்தால் பழுது இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம். வராவிட்டால் சக்கரம், சஸ்பென்ஷன் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. காலிச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் நான்காவது கியரில் ஓட்டிக் கேளுங்கள். அதே 50இல் மூன்றாவது கியருக்கு மாற்றுங்கள். வேகம் அதுவே, இன்ஜின் சுற்று மட்டும் கூடியிருக்கிறது. சத்தமும் கூடவே ஏறினால் இன்ஜின் பக்கம். அப்படியே இருந்தால் சக்கரத்தின் பக்கம். ஓடும் வண்டியில் இன்ஜினை அணைத்துச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது; அதைச் செய்யவே கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் உதவி விசையும் போய்விடும்.

3. தட்டும் சத்தமாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டரில், அதாவது முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமல் வண்டி ஊர்ந்து போகும் வேகத்தில், சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று சுற்றும். அந்த வேகத்தில் விநாடிக்கு ஒரு டிக் என்றால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று ஒரே இடத்தில் தட்டுகிறது. பெரும்பாலும் டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லிக்கல். டார்ச் அடித்துப் பார்த்து ஸ்குரூடிரைவரால் கெல்லி எடுத்துவிடலாம். கல்லுக்குப் பதில் ஆணியோ திருகாணியோ தெரிந்தால் பிடுங்காதீர்கள். அது இருக்கும்வரைதான் காற்று நிற்கும். அப்படியே பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போங்கள்.

எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று தெரிய, ஜன்னலை இறக்கிவிட்டு நீளமான காம்பவுண்ட் சுவரையோ பாலத்துக் கைப்பிடிச் சுவரையோ ஒட்டி 20, 30 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். சுவர் இருக்கும் பக்கத்துச் சத்தம் அதில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் காதில் விழும். காருக்குள் உட்கார்ந்து காதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். இரும்பு உடல் சத்தத்தைக் கடத்தும். இடதுபக்கத் தட்டல் ஓட்டுநர் காலடியில் கேட்கும்.

மேடு பள்ளத்தில் வரும் தட்டல்

நம் சாலைகளில் அதிகம் கேட்பதும், அதிகம் தவறாகப் பிடிக்கப்படுவதும் இதுதான். முன்பக்கம் டக் டக் என்றதும் ஷாக் அப்சார்பர் போச்சு என்று ஜோடியாக மாற்றிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு. உண்மையில் போயிருப்பது சில நூறு ரூபாய் லிங்க் ராடாக இருக்கும்.

லிங்க் ராடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதைப் பிடிப்பது எளிது. இடது, வலது சக்கரங்களை ஒரு ஸ்டெபிலைசர் பார் இணைக்கிறது. அதன் இரு முனையையும் ஸ்ட்ரட்டோடு சேர்ப்பது லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் முறுக்கப்படாது, லிங்க் ராடுக்கு வேலையும் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் பார் முறுக்கி லிங்க் ராடை இழுக்கும். தேய்ந்த பால் அப்போது தட்டும்.

ஆகவே ஒரு வேகத்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெல்ல ஓட்டுங்கள். அடுத்து, வேகத்தடையின் ஓரமாக ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஓட்டுங்கள். முதல் முறை அமைதி, இரண்டாம் முறை டக் டக் என்றால் லிங்க் ராடு அல்லது ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ். இரண்டு முறையும் தட்டினால் ஸ்ட்ரட், அதன் தலையை உடலோடு பிடிக்கும் டாப் மவுண்ட், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் இவற்றைப் பாருங்கள். உறுதி செய்ய மெக்கானிக்கிடம் இரண்டு லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு அதே இடத்தில் மெதுவாக ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் போய்விட்டால் சந்தேகம் தீர்ந்தது. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். விலை குறைவு, ஒன்று போனால் மற்றது பின்னாலேயே போகும்.

லோயர் ஆர்ம் புஷ் வேறு விதமாகப் பேசும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போய்ச் சட்டென்று பிரேக் பிடியுங்கள்: ஒரே ஒரு டொக். ரிவர்ஸில் போய்ப் பிரேக் பிடியுங்கள்: மறுபடியும் ஒரு டொக். ரப்பர் கிழிந்ததால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கிறது. டார்ச் அடித்து அந்த ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைப் பார்த்தால் ரப்பரில் வெடிப்பு தெரியும்.

இந்தப் புஷ்ஷை மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே எழும்பும். உள்ளே பிடித்திருக்கும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதங்களில் புதுப் புஷ்ஷும் கிழியும். போல்ட்டைப் பாதி இறுக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். வேலை நடக்கும்போது இதைக் கேட்டுப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

டாப் மவுண்டைச் சோதிக்க, நிற்கும் வண்டியில் இன்ஜின் ஓட ஒருவர் ஸ்டீயரிங்கை முழு இடம், முழு வலம் என்று மெல்லத் திருப்பட்டும். நீங்கள் பானட்டுக்கு அடியில் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். நல்ல மவுண்டில் எதுவும் தெரியாது. போன மவுண்டில் ஸ்பிரிங் திருகிக்கொண்டே வந்து சட்டென்று துள்ளும்; கையில் அந்த உதறலும் காதில் டொய்ங் என்ற ஒலியும் ஒன்றாக வரும்.

ஷாக் அப்சார்பர் போயிருந்தால் ஸ்ட்ரட்டின் தண்டில் ஆயில் கசிந்து புழுதி சேறாக ஒட்டியிருக்கும். வண்டியின் அந்த மூலையைக் கையால் அழுத்திவிட்டால் ஒரு ஆட்டத்தில் அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடும். இந்த இரண்டும் இல்லாமல் ஷாக் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்று. கரடுமுரடான சாலையில் லொடலொட என்று ஓயாமல் வரும் சத்தம், பிரேக் பெடலை லேசாகத் தொட்டதும் நின்றால், பழுது சஸ்பென்ஷனில் இல்லை. பேட்டை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின் (கம்பி) தேய்ந்து பேட் ஆடுகிறது. பெடலைத் தொட்டதும் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்வதால் ஆட்டம் நின்றுவிடுகிறது.

வேகம் கூடக் கூட ஊங்... என்று ஏறும் முனகல்

மணிக்கு 40 தாண்டியதும் தொடங்கி, 80இல் பாட்டுச் சத்தத்தையே அமுக்கும் இந்த ரீங்காரத்துக்கு இரண்டு பேர்தான் காரணம்: வீல் பேரிங் அல்லது டயர். கேட்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பிரிக்கும் வழி: தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது கவனியுங்கள். சுருதி மாறினால் டயர். சாலை எதுவானாலும் ஒரே சுருதி என்றால் பேரிங். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் கையில் தட்டினால் தேய்மானம் ஒருசீராக இல்லை. அலைன்மென்ட் தவறியிருக்கும், அல்லது டயர்களை இடம் மாற்றிப் போடாமல் விட்டிருப்பீர்கள். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் முனகலும் பின்னால் போகும். பேரிங் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பேரிங் என்று தெரிந்தால் எந்தப் பக்கம்? அகலமான காலிச் சாலையில் 50, 60இல் மெல்ல இடதுபக்கம் வளையுங்கள். வண்டியின் எடை வலதுபக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது முனகல் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது. வலதுபக்கம் வளைத்து மறுபடி ஒத்துப் பாருங்கள்.

பிறகு ஜாக்கி. தரை சமமாக இருக்கட்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்க வேண்டாம். சக்கரத்தைத் தூக்கி நியூட்ரலில் வைத்து ஒரு கையால் சுற்றுங்கள், மற்றக் கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் மெல்ல வையுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் அசைவற்று இருக்கும். போனதில், மணலை வைத்து அரைப்பதுபோல ஒரு நெருடல் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதால் பிடிக்க முடியாத ஆரம்பக் கட்டப் பழுதையும் இந்த விரல் பிடித்துவிடும்.

அதே நிலையில் கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் பேரிங். போகவில்லையென்றால் பால் ஜாயிண்ட். 9, 3 இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட்.

வெள்ளத்தில் சக்கரம் மூழ்க ஓட்டிய கார்களில் இந்தப் பழுது உடனே தெரியாது. தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்து, சில வாரங்கள் கழித்துத்தான் முனகத் தொடங்கும். மாற்றும்போது பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து, வெளி வளையத்தில் அழுத்தி ஹவுசிங்கில் ஏற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினாலோ உள் வளையத்தில் அழுத்தினாலோ விசை உருளைகளின் வழியாகப் போய்த் தடத்தில் நுண்ணிய பள்ளம் விழும். மாற்றிய கொஞ்ச நாளிலேயே முனகல் திரும்பும். பொருள் மட்டம் என்று பழி அதன்மேல் விழும்.

திருப்பத்தில் டிக் டிக் டிக்

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டம் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடுக்கடுக்காக டிக் டிக் வந்தால், சக்கரம் திரும்பினாலும் அதைச் சுற்றவைக்கும் ஆக்சில் மூட்டான வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்து ஜாயிண்ட்தான் சத்தமிடும். ஆனாலும் அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பூட் கிழிந்திருந்தால் சக்கரத்தின் உள்விளிம்பில் கறுப்பு கிரீஸ் வாரி இறைத்திருக்கும்.

கிழிசலைச் சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும். சத்தம் தொடங்கிவிட்டால் மணல் உள்ளே போய்த் தடம் தேய்ந்தாயிற்று. கிரீஸ் அடைத்துப் பயனில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் இந்தப் பூட்டை டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிரேக்கின் கீச்

புது பேட் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் எச்சரிக்கவே பல பேட்களில் ஒரு மெல்லிய தகட்டு நாக்கு வைத்திருக்கிறார்கள். அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் தெரியும் வெளி பேட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உள்பக்க பேட் முன்னதாகத் தேய்வது அடிக்கடி நடக்கும், காலிப்பர் பின் இறுகிப்போனால் நிச்சயம் நடக்கும்.

ஜல்லிச்சாலையில் போனபின் திடீரென்று காதைக் கிழிக்கும் கிறீச் வந்தால் பதற வேண்டாம். டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து முன்னே வந்தால் விழுந்துவிடும். விழாவிட்டால் டிஸ்க் சூடு ஆறிய பிறகு தகட்டை விரலால் சற்றே விலக்கினால் போதும். கீச் சத்தத்துக்காக பேட்டிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிரேக் பிடிக்காது.

பானட்டுக்கு அடியில்

முதலில் ஆயில். சமதளத்தில் இன்ஜினை அணைத்துப் 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, நுழைத்து, எடுத்துப் பாருங்கள். பல சிறிய கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி டிக்டிக் என்று அடங்கினால் ஆயில் மேலே ஏறும் நேரம், கவலையில்லை. சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயில் குறைவு, பழைய ஆயில், டேப்பெட் (வால்வைத் தள்ளும் பகுதி) இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள்.

மேம்பாலம் ஏறும்போது நான்காவது கியரில் 30இல் திணறவைத்தால், டப்பாவில் கோலிக்குண்டு குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். கியரைக் குறையுங்கள். சரியான கியரிலும் வந்தால் தவறான ஸ்பார்க் பிளக், கரி படிதல், இன்ஜின் சூடேறுதல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பெல்ட் கத்துவதைத் தண்ணீரால் சோதிக்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓட, பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் சிறு ஸ்பிரேயால் இரண்டு முறை தண்ணீர் அடியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு. சில விநாடி நின்று மறுபடி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. மாற்றமே இல்லையென்றால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டும் ஐட்லர், டைனமோ இவற்றின் பேரிங் பக்கம் போங்கள். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஒவ்வொன்றின் அசையாத உடல்பகுதியிலும் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். நல்ல பேரிங் சீராக இரையும், போனது கரகரக்கும். துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

ஏ.சி. போட்டதும் சத்தம் வந்தால் கம்ப்ரெசர். போட்டதும் நின்று, அணைத்தால் வந்தால் கம்ப்ரெசர் புல்லியின் பேரிங். கம்ப்ரெசரின் கிளட்ச் பிடித்ததும் புல்லியும் தண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் அந்தப் பேரிங்குக்கு ஓய்வு கிடைக்கிறது. இதே கணக்குதான் கால் கிளட்ச்சுக்கும்: பெடலை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங், நியூட்ரலில் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் கியர் பாக்ஸின் முன்தண்டுப் பேரிங்.

கிளட்ச்சை விடும்போது அடிவயிற்றில் தொம் என்று ஒரு இடி, ஐடிலில் நிற்கும்போது சீட் நடுக்கம், இரண்டும் சேர்ந்திருந்தால் இன்ஜின் மவுண்டிங்.

டீசல் காரில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பெரிய உஸ் சத்தமும், இழுவைக் குறைவும், கறுப்புப் புகையும் ஒன்றாக வந்தால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றோ கிழிந்தோ இருக்கும்.

வேப்பமரத்தடியில் நிற்கும் கார்களில் டேஷ்போர்டுக்குள் சரசர என்றால் ப்ளோயர் விசிறியில் இலை. கிளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவினாலே ஒரு கைப்பிடி வரும்.

குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும், 1800 போல, தகரம் அதிர்வது சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு. கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் அதன் போல்ட் ஓட்டை துருப்பிடித்துப் பெரிதாகிவிடும். சைலன்சர் முழுக்க ஆறிய பிறகு கையால் தட்டிப் பார்த்து, பெரிய ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கலாம். ஆனால் சைலன்சர் பக்கம் புஸ் புஸ் என்று புகை கசிந்தால் தள்ளிப்போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கசிவுள்ள காரில் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டுக்கொண்டு நிறுத்திய இடத்தில் தூங்குவது உயிரை எடுக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் சொல்வது எப்படி

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை கிலோமீட்டர் வேகம், எந்தக் கியர், காலையிலா சூடான பிறகா, நேராகவா திருப்பத்திலா, பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா, எப்போதிலிருந்து, அதற்குமுன் வண்டியில் என்ன வேலை நடந்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சர்வீஸுக்கு மறுநாள் தொடங்கிய சத்தம் பெரும்பாலும் அந்த சர்வீஸில் கழற்றிய இடத்தில்தான் இருக்கும். "ஷாக் போயிடுச்சு, மாத்துங்க" என்று பொருளின் பெயரைச் சொல்ல வேண்டாம். "ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்குனா தட்டுது, ரெண்டும் சேர்ந்து ஏறுனா தட்டலண்ணே" என்று சொல்லுங்கள். பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அதே சாலையில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். சத்தம் எப்போதாவதுதான் வருகிறதென்றால், வரும்போது பக்கத்தில் இருப்பவர் மொபைலில் பதிவு செய்யட்டும். பேச்சும் பாட்டும் ஏ.சி.யும் இல்லாமல்.

ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றச் சொல்லி, மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லிங்க் ராடின் பால் விரலால் தள்ளினாலே தொளதொளவென்று ஆட வேண்டும். பேரிங்கைச் சுற்றினால் நெருட வேண்டும். பழையது இறுக்கமாக, வழவழப்பாக இருந்தால் பழுது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் அதே வேகத்தடைக்கு, அதே வேகத்தில், சத்தம் வந்தபோது எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரோடு ஒரு முறை போய் வாருங்கள். சக்கரம் கழற்றிய வேலை என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.